சத்தம் வேண்டாம்

அத்தியாயம் 11

“எழுத்துல குடுங்க சார்.”

சொல்லிவிட்டேன். சொன்ன பிறகுதான் என் நாக்குக்கே தெரிந்தது, எதைச் சொல்லக்கூடாதோ அதைச் சொல்லிவிட்டது என்று.

வேலையில் சேர்ந்த முதல் நாள் காலையில் வாசல்வரை வந்து அப்பா சொன்ன புத்திமதி அது ஒன்றுதான். “என்ன வேணா கேளு. லீவு கேளு, மேசை கேளு, தலைக்கு மேல ஃபேன் கேளு. சொல்றதை எழுதிக் குடுங்கன்னு மட்டும் எந்த மேலதிகாரிகிட்டயும் கேட்டுடாதே. கேட்டவன் எவனும் அந்தச் சீட்டுல நிலைச்சதில்ல.”

அப்பா அணையில் ஷட்டர் ஆப்பரேட்டர். வேலைக்கு வந்த நாளிலிருந்து போனில் வரும் குரலைக் கேட்டுக் கேட்டே மதகைத் திறந்தவர், மூடியவர். ஒரு தடவைகூட ஒரு துண்டுச் சீட்டு கேட்டதில்லை. அதனால்தான் இன்று சஸ்பெண்ட் ஆகி வீட்டில் உட்கார்ந்திருக்கிறார். அதனால்தான் என் அக்காவின் புருஷன் உயிரோடு இல்லை.

பெரியவர் என்னையே பார்த்தார். எங்கள் நீர்த்துறையின் தலைமைப் பொறியாளர் அவர். துறையில் எல்லோருக்குமே அவர் பெரியவர்தான். அவர் மேசையில் காகிதம் என்ற ஒன்றைப் பார்க்க முடியாது. கண்ணாடி, அதன்மேல் இரண்டு போன், ஒரு தண்ணீர் டம்ளர். “ரெண்டு போனை வச்சே மொத்தத் துறையையும் நடத்துறாருப்பா” என்று சிப்பந்திகள் பெருமையாகச் சொல்வார்கள். அவர் கையெழுத்தைப் பார்த்தவர்களைவிட அவர் குரலுக்கு ஓடியவர்கள்தான் அதிகம்.

“உக்காரும்மா.”

“நிக்கறேன் சார்.”

“எதை எழுதிக் குடுக்கணும்?” கோபமே இல்லை. குழந்தை என்ன பொம்மை கேட்கிறது என்று விசாரிக்கிற மாதிரி.

“இப்ப சொன்னீங்களே, அதை. மதியம் விசாரணையில எங்கப்பா ‘சைரன் அடிக்க மறந்துட்டேன்’னு சொல்லணும். சொன்னா கேஸ் கீஸ் இல்லாம மரியாதையா ஓய்வு குடுத்து அனுப்பிடுவீங்க. எங்கக்காவுக்குத் துறையில ஒரு வேலை. அதை எழுதிக் குடுங்க. அப்படியே அன்னிக்குச் சாயங்காலம் நீங்க போன்ல சொன்னதையும் எழுதிக் குடுங்க.”

டம்ளரை எடுத்து ஒரு வாய் குடித்தார்.

அன்று சாயங்காலம் நான் இதே இடத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன். மேலே மலையில் மழை கொட்டி, அணையில் தண்ணீர் ஏறிக்கொண்டிருந்தது. அணைத் தண்ணீரைக் கணக்கிடுவது என் வேலை; அந்தக் கணக்கைச் சொல்லத்தான் வந்தேன். பெரியவர் போனை எடுத்தார். “ரெண்டு ஷட்டரையும் தூக்கு. சைரன் வேண்டாம். பங்களாவுல ஆளுங்க பேசிக்கிட்டிருக்காங்க. சத்தம் வேண்டாம்.” எதிர்முனையில் யார் என்று எனக்குத் தெரியும். “சார், சைரன் இல்லாம...” என்று ஆரம்பித்தேன். ஒற்றை விரலைத் தூக்கினார். அவர் போனில் பேசும்போது யாரும் குறுக்கே பேசக்கூடாது.

திறந்தது தப்பில்லை. திறக்காவிட்டால் அணைக்கே ஆபத்து. ஆனால் திறப்பதற்கு முன்னால் சைரன் அடிக்க வேண்டும். அடித்தால் கீழே ஆற்றில் இருப்பவர்கள் கரையேறிவிடுவார்கள். சைரன் கம்பம் நிற்பதோ அணைமேல் இருக்கும் அரசுப் பங்களாவின் தலைமேல். அன்று அங்கே தலைநகரத்திலிருந்து வந்தவர்கள் கூடிப் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்கள் காதுக்கு இடைஞ்சல் வரக்கூடாது.

அத்தான் கீழே மணலில் தன் சரக்கு வேனைக் கழுவிக்கொண்டிருந்தார்.

ஆற்றைக் கண்டு பயப்படுகிறவர்கள் கரையோரமாக நின்று கழுவுவார்கள். அத்தான் வண்டியை நடு ஆற்று மணலுக்கே இறக்குவார். கேட்டால் சிரிப்பார். “எங்க மாமா சைரன் அடிச்சா, நான் சோப்பை அலசி, வண்டியைத் துடைச்சு, பாட்டை முடிச்சுட்டுத்தான் மேல வருவேன். அவ்ளோ நேரம் குடுப்பாரு மனுஷன்.” அணைக்காரர் வீட்டு மருமகன் என்ற தைரியம். அந்த ஊரில் சைரனை அவரளவுக்கு நம்பியவர் வேறு யாருமில்லை.

“எனக்கு யாரு எழுதிக் குடுத்தாங்கன்னு நினைக்கறே?” என்றார் பெரியவர்.

டம்ளரைக் கண்ணாடிமேல் வைத்தார்.

“பங்களாவுல இருந்து ஒரு போன் வந்துச்சு. ‘கொஞ்சம் அமைதியா இருந்தா நல்லாருக்கும்’னாங்க. அவ்வளவுதான். சைரனைப் பத்தி அவங்களுக்கு ஒண்ணும் தெரியாது. அதை உத்தரவுன்னு எடுத்துக்கிட்டது நான். இந்த நாற்காலியில உக்காந்தா மேல இருந்து யாராவது தும்முனாகூட உத்தரவுன்னுதான் எடுத்துக்கணும். நாளைக்கு நீ இதுல உக்காருவ. அப்பத் தெரியும்.”

முகத்தில் அசதி தெரிந்தது. நடிப்பில்லை. அத்தானின் உடல் கிடைத்த அன்று எங்கள் வீட்டுக்கு முதலில் வந்தவர் இவர்தான். அப்பாவின் கையைப் பிடித்துக்கொண்டு வெகுநேரம் நின்றார். அப்பா அந்தக் கையைத் தன் கண்ணில் ஒற்றிக்கொண்டதை நான் பார்த்தேன்.

“உன் தகுதிகாண் பருவம் முடியப்போகுதுல்ல?”

“ஆமா சார்.”

“உங்க குடும்பத்துல முதல் பட்டதாரி நீ. உங்கப்பா எத்தனை தடவை என்கிட்ட சொல்லியிருக்காரு தெரியுமா? தண்ணி திறந்து விடுறவன் பொண்ணு தண்ணிக் கணக்கு போடுறாளே ஐயான்னு.” எழுந்து வந்தார். “என் ஜீப்பை எடுத்துட்டுப் போ. அப்பாவைப் பங்களாவுக்குக் கூட்டிட்டு வா. விசாரணைக்கு வர்ற அம்மா வெளித்துறைக்காரங்க, கறார். பொண்ணு பக்கத்துல இருந்தா அவருக்கும் தெம்பா இருக்கும்.”

நான் கேட்டதற்குப் பதில் இல்லை. காகிதமும் இல்லை. கதவை அவரே திறந்துவிட்டார், அவ்வளவு மரியாதை.

சரி என்று சொல்லவில்லை. முடியாது என்றும் சொல்லவில்லை. அப்பாவிடம் பேச வேண்டியிருந்தது. ஜீப்பில் ஏறினேன்.

*

ஜீப் ஓட்டுபவருக்கு மீசை அண்ணன் என்று பெயர். மீசையை எப்போதோ மழித்துவிட்டார், பெயர் மட்டும் போக மறுக்கிறது.

“என்னம்மா, எழுத்துல கேட்டியாமே?”

“அதுக்குள்ள தெரிஞ்சிடுச்சா?”

“நம்ம துறையில தண்ணிதான் மெதுவாப் போகும். பேச்சு அப்படியில்ல.”

சிரிப்பு வரவில்லை. அவருக்கும் வரவில்லை. சொல்லிப் பழகிவிட்டதால் சொன்னார்.

பாலம் வந்ததும் அவர் வேகத்தைக் கூட்டினார். நான் பார்க்காமல் இருக்கட்டும் என்றுதான். பார்த்தேன். ஆற்று மணலில் அத்தானின் வேன் சாய்ந்து கிடந்தது. பாதி புதைந்து, மேலே தெரிந்த கதவில் பாசி படர ஆரம்பித்திருந்தது. அதை யார் எடுப்பது என்று இன்னும் முடிவாகவில்லை. ஆறு எங்களுடையது, மணல் வேறு துறையுடையது, விபத்து போலீசுடையது. மூன்று துறையும் மூன்று திசையில் கை காட்டிக்கொண்டிருக்கிறது. அக்கா கடைக்குப் போகிற வழியும் இந்தப் பாலம்தான்.

“அண்ணே, அன்னிக்குப் பங்களாவுக்கு அந்தத் தலைநகரத்து ஆளுங்களை அழைச்சிட்டுப் போனது நீங்கதானே?”

“ஆமா.”

“பேசிக்கிட்டது உங்க காதுல விழுந்துச்சா?”

“நான் ரோட்டைப் பாத்தேன்மா. டிரைவருக்குக் காது கிடையாது. இருந்திருந்தா இவ்வளவு வருஷம் ஸ்டியரிங் பிடிச்சிருக்க முடியுமா?”

கொஞ்சதூரம் போன பிறகு அவராகவே பேசினார்.

“புது ஆப்பரேட்டர் வந்திருக்கான்ல, நல்ல பையன். காலையில டெஸ்டுக்குச் சைரன் அடிக்கப் போயிருக்கான். போன் வந்துடுச்சு. ‘பங்களாவுல விசாரணை நடக்கப்போகுது, இன்னிக்கு அடிக்காதே’ன்னு.”

“யாரு சொன்னது?”

“போன் சொல்லுச்சும்மா.”

சைரன் அடிக்காததைப் பற்றி விசாரிக்கிறார்கள். விசாரணைக்கு இடைஞ்சலாக இருக்கும் என்று சைரனை அடிக்க வேண்டாம் என்கிறார்கள். காறித் துப்ப வேண்டும் போல இருந்தது. ஜீப் பெரியவருடையது என்பதால் விழுங்கினேன்.

மலைப்பக்கம் வானம் மறுபடியும் கறுத்திருந்தது.

*

குவார்ட்டர்ஸில் அப்பா இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். காக்கிச் சட்டை. காலர், கை, பட்டன் போகும் பட்டை என்று ஒவ்வொன்றாக அழுத்தித் தேய்த்தார்.

“சஸ்பெண்ட் ஆனவங்க யூனிஃபார்ம் போடக்கூடாதுப்பா.”

“தெரியும். இஸ்திரி போடக்கூடாதுன்னு யாரும் சொல்லலியே.”

அக்கா அவருக்கு முதுகைக் காட்டிச் சுவரோரம் உட்கார்ந்து அத்தானின் துணிகளை மடித்துக்கொண்டிருந்தாள். அந்தத் துணிகளை அவள் தினமும் பிரிக்கிறாள், தினமும் மடிக்கிறாள். அத்தான் போன நாளிலிருந்து அவள் அப்பாவோடு நேராக ஒரு வார்த்தை பேசியதில்லை. எல்லாமே மகள் மூலம்தான். “குட்டி, தாத்தாவைச் சாப்பிட வரச் சொல்லு.” “குட்டி, தாத்தாவோட மாத்திரை மேசைமேல இருக்குன்னு சொல்லு.” குட்டிக்கு அது ஒரு விளையாட்டு. ஓடி ஓடிச் சொல்வாள்.

குட்டி அப்பாவின் காலைக் கட்டிக்கொண்டாள். “தாத்தா, ஊஊ போடு.”

இஸ்திரிப் பெட்டி நின்றது.

தினம் காலையில் டெஸ்டுக்கு அடிக்கும் சைரன் தாத்தா அவளைக் கூப்பிடும் சத்தம் என்றுதான் அவளிடம் சொல்லி வளர்த்திருந்தார் அப்பா. அவளும் வாசலில் நின்று பதிலுக்கு ‘ஊஊ’ என்பாள். இன்று காலை தாத்தா கூப்பிடவே இல்லை. ஏன் என்று அவளுக்குப் புரியவில்லை.

“துணி கருகுதுப்பா,” என்றேன்.

பெட்டியைத் தூக்கி வைத்தார். காக்கியில் ஒரு மங்கலான முக்கோணம் விழுந்திருந்தது.

“ஐயா போன் பண்ணாரு,” என்றார்.

“என்ன சொன்னீங்க?”

“சரிங்கய்யான்னேன்.”

“வேற என்னதாம்பா தெரியும் உங்களுக்கு? ‘சரிங்கய்யா’ன்னு சொல்லத்தான் வாயைப் படைச்சாங்களா?”

“சத்தம் போடாதே.”

“அதையேதான் அவரும் சொன்னாரு! சத்தம் வேண்டாம், சத்தம் வேண்டாம். எல்லாரும் சத்தம் போடாம இருந்துதான் இந்த வீடு இப்படிக் கிடக்குது!”

“ஏய்.” அக்கா திரும்பாமலே குரல் கொடுத்தாள். “எதுக்கு அவரைப் போட்டு வதைக்கிற? மறந்ததை மறந்துட்டேன்னு சொல்லப்போறாரு. அதுல உனக்கு என்ன நோவு?”

“உனக்குத் தெரியாதுக்கா.”

“எனக்கு என்னதான் தெரியும்? நான் என்ன உன்னை மாதிரி காலேஜ் வாசலை மிதிச்சவளா? உனக்குப் படிப்பு இருக்கு, நாற்காலி இருக்கு. இங்க இல்லன்னா வேற எங்கயாவது போயிக் கோபப்பட்டுக்குவ. நான் என்ன பண்ணுவேன்? வேலை தர்றேங்கறாரு. குட்டியை நான் என் கையால வளக்கணும்டி. உன் தயவுல இல்ல, அப்பா தயவுல இல்ல.”

நியாயம்தான். அங்கேயே நான் வாயை மூடிக்கொண்டிருக்கலாம். அப்பா என்னைப் பார்த்த பார்வை அதைத்தான் கெஞ்சியது. பெரியவர் போனில் சொன்னதை அக்காவிடம் சொல்ல மாட்டேன் என்று அவருக்குச் சத்தியம் செய்து கொடுத்திருந்தேன். ஏன் சொல்லக்கூடாது என்று அவர் காரணம் சொல்லவில்லை. பெரியவரைக் காப்பாற்றத்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

அக்கா தொடர்ந்தாள். “வயசானவரு. மறந்துட்டாரு. நானும் தினம் அதையேதான் சொல்லிக்கறேன். மறந்துட்டாரு, மறந்துட்டாரு. அவரை இன்னும் எத்தனை தடவை குத்துவ?”

என்னால் தாங்க முடியவில்லை. அந்தப் பழி அப்பாவின் தலையில் இருப்பதைத்தான் தாங்க முடியவில்லை என்று நினைத்தேன்.

“அப்பா மறக்கல!” என்றேன். “மறக்கலக்கா. அடிக்க வேணாம்னு பெரியவர் போன்ல சொன்னாரு. என் காதால கேட்டேன். அப்பா மேல தப்பே இல்ல!”

அக்காவின் கை அத்தானின் சட்டைமேல் அப்படியே நின்றது.

சுமை இறங்கியது மாதிரி இருந்தது எனக்கு. ஒரு நொடிதான். அப்பா கண்ணை மூடிக்கொண்டார்.

அக்கா திரும்பினாள். எத்தனையோ நாளுக்குப் பிறகு அவரை நேராகப் பார்த்தாள்.

“அப்பா.”

அவர் கண்ணைத் திறந்தார்.

“மறக்கலியா?”

தலையைக் குனிந்துகொண்டார்.

“அப்ப தெரிஞ்சேதான் அடிக்காம விட்டீங்களா?”

நான் எதைப் போட்டு உடைத்தேன் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

அப்பா இஸ்திரிப் பெட்டியின் ஒயரைப் பிடுங்கினார். அதைக் கையில் சுற்றிக்கொண்டே, தரையைப் பார்த்துப் பேசினார்.

“சைரன் அடிக்கட்டுமா ஐயான்னு கேட்டேன். வேண்டாம்னாரு. கீழ ஆளுங்க இருப்பாங்கய்யான்னேன். ஒரு தடவை சொன்னா புரியாதான்னாரு. போனை வச்சுட்டு சுவிட்ச்மேல கை வச்சேன். அழுத்துனா போதும். ஒரு விரல் வேலை.” ஒயரைச் சுற்றி முடித்து, மறுபடி பிரித்தார். “எடுத்துட்டேன்.”

“கையை எடுக்கும்போது அவரு நினைப்பு வரலியா?”

“வரலம்மா. சத்தியமா வரல. அவரு அன்னிக்கு லோடு ஏத்திக்கிட்டுப் போயிருப்பாருன்னுதான் நினைச்சேன். கீழ யாராவது இருப்பாங்களேன்னு தோணுச்சு. அவருன்னு தோணல.”

“யாராவதுன்னா பரவாயில்லையாப்பா?”

அக்கா அதைக் கத்திக் கேட்கவில்லை. குழந்தையைத் தூங்கவைத்துவிட்டுப் பேசுகிற குரலில் கேட்டாள்.

அவள் மடித்த துணிகளை வாரிக்கொண்டு எழுந்தாள்.

“மறந்துட்டாருன்னு நம்பித்தான் இந்த வீட்ல சோறு தின்னேன்,” என்றாள். உள்ளறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டாள்.

குட்டி மூடிய கதவைத் தட்டினாள். “அம்மா, தாத்தாகிட்ட என்ன சொல்லணும்?”

பதில் வரவில்லை. இன்றைக்குச் சொல்லி அனுப்ப எதுவும் இல்லை என்று நினைத்துக்கொண்டு குழந்தை கதவோரமே உட்கார்ந்துவிட்டது.

*

“சொல்லாதேன்னு சொன்னேன்ல,” என்றார் அப்பா.

“உங்க மேல பழி வரக்கூடாதுன்னுதாம்பா...”

“பழியா?” அவர் சிரித்த மாதிரி இருந்தது. “ஐயாவைக் காப்பாத்தறதுக்கா நான் மறந்துட்டேன்னு சொல்றேன்? அவரு எப்படிப் போனா எனக்கென்ன? நீ படிச்சவ, யோசிச்சுப் பாரு. மறதின்னா மனுஷனுக்கு வர்றதுதான். யாரும் அதை மன்னிப்பாங்க. உங்கக்கா மன்னிச்சா. இவ...” கதவோரம் இருந்த குழந்தையைக் காட்டினார். “இவ பெரியவளாகி ஒரு நாள் கேப்பா. ‘எங்கப்பா எப்படிச் செத்தாரு’ன்னு. தாத்தா மறந்துட்டாருன்னு சொன்னா கேட்டுக்குவா. தாத்தா கை வச்சுட்டு, அதட்டலுக்குப் பயந்து கையை எடுத்துட்டாருன்னு சொன்னா? அதை எப்படிம்மா கேப்பா?”

எனக்கு அழுகை வரவில்லை. எனக்கு அழுகைக்கு முன்னால் எப்போதும் கோபம்தான் வருகிறது. ஆனால் அந்தக் கோபம் யார்மேல் போவது என்று தெரியாமல் அப்படியே நின்றது. இந்த மனிதர்மேல் கோபப்பட இனி எதுவும் மிச்சமில்லை. தோள் எலும்பு பனியனுக்கு மேல் துருத்திக்கொண்டிருந்தது.

“எனக்கு அந்த மறதியை விட்டுக் குடு,” என்றார். “வேற ஒண்ணும் வேணாம். மதியம் நான் உள்ள போறேன், மறந்துட்டேங்கறேன், வெளிய வந்துடறேன். நீ கூட வர வேணாம்.”

அப்பா என்னிடம் எதையும் கேட்டதே இல்லை. நான் கேட்பேன், அவர் கொடுப்பார். அதுதான் எங்கள் வழக்கம். பேனா கேட்டேன், புத்தகம் கேட்டேன், விடுதியில் தங்கிப் படிக்க வேண்டும் என்றேன். முதல்முறையாகக் கேட்கிறார். கொடுத்துவிடலாம்தானே? செத்தவர் வரப்போவதில்லை. அக்காவுக்கு வேலை வரும். எனக்கு வேலை நிலைக்கும். பெரியவர் வந்து கையைப் பிடித்துக்கொள்வார்.

வாசலில் ஜீப்பின் ஹாரன். மீசை அண்ணன் எட்டிப் பார்த்தார். “நேரமாகுதுங்க. மேல வேற இருட்டிக்கிட்டு வருது.”

அப்பா ஜன்னலுக்குப் போய் மலையைப் பார்த்தார். பழைய பழக்கம். வானத்தைப் பார்த்தே அணை எப்போது ஏறும் என்று சொல்லிவிடுவார்.

“இன்னிக்கு சாயங்காலமே திறக்க வேண்டி வரும்,” என்றார், தன் பாட்டுக்கு. பிறகு சட்டென்று, “காலையில டெஸ்ட் சத்தம் கேக்கலியே? மோட்டார்ல ஏதாச்சும் கோளாறா?”

“கோளாறு இல்லப்பா. அடிக்க வேணாம்னு போன் வந்துச்சாம். விசாரணைக்கு இடைஞ்சலா இருக்குமாம்.”

அவர் திரும்பவில்லை. ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் மட்டும் இறுகின.

“அந்தப் பையன் என்ன சொன்னான்?”

“நீங்க சொன்னதைத்தான். சரிங்கய்யான்னான்.”

கதவோரம் குட்டி தன் கால் விரல்களோடு ஏதோ பேசிக்கொண்டிருந்தாள்.

“அப்பா, நான் உங்களைக் குத்திக் காட்டறதுக்குச் சொல்லல,” என்றேன். எனக்கே என் குரல் புதிதாக இருந்தது. “நீங்க மறந்துட்டேன்னு சொன்னா, வயசானவரு மறந்துட்டாரு, அவரை அனுப்பிட்டோம், எல்லாம் சரியாப்போச்சுன்னு முடிச்சிடுவாங்க. பங்களாவுல ஆள் வந்தா மறுபடியும் போன் வரும். நாளைக்கு அந்தப் பையனும் மறப்பான். அப்புறம் வேற யாராவது... நீங்க சொன்னீங்களே, யாராவதுன்னு. அது யாரோ ஒருத்தரோட அத்தானா இருக்கும்.”

அவர் தோள் குலுங்கியது. அழுகிறார் என்று பின்னாலிருந்தே தெரிந்தது. கிட்டப் போய்த் தொடவில்லை. தொட்டிருந்தால், அவர் கேட்டதைக் கொடுத்துவிட்டிருப்பேன்.

“நீ போயிச் சொல்லாதேம்மா,” என்றார்.

அது உத்தரவு இல்லை. அப்பா யாருக்கும் உத்தரவு போட்டதே கிடையாது.

சுருக்கம் விழாமல் இருக்கும்படி காக்கிச் சட்டையை எடுத்து ஆணியில் மாட்டினேன். கருகிய இடம் சுவர்ப்பக்கம் போகுமாறு திருப்பினேன். செருப்பைப் போட்டுக்கொண்டு வாசலுக்கு வந்தேன்.

மீசை அண்ணன் ஜீப்பின் கதவைத் திறந்தார். “அப்பா வரலியாம்மா?”

“கூட்டிட்டு வாங்கண்ணே. மெதுவா வாங்க. அவருக்குக் கொஞ்ச நேரம் குடுங்க.”

“நீ?”

“நான் நடந்து போறேன்.”

“எதுக்கு ஏத்தத்துல நடக்கற? ஐயா வண்டி இருக்கும்போது...”

“அதனாலதான்.”

அவர் என்னையே பார்த்தார். கதவைச் சாத்தினார். “நான் ரோட்டைத்தாம்மா பாப்பேன்,” என்றார் மெதுவாக. “ஆனா அன்னிக்குப் பங்களா வாசல்ல நின்னப்ப ஜீப் கண்ணாடி இறங்கித்தான் இருந்துச்சு.” அதற்குமேல் சொல்லாமல் ஒரு துணியை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தார்.

பங்களாவுக்குப் போகும் ஏற்றத்தில் கால் வைத்தேன். வீட்டுக்குள் தாழ் விலகும் சத்தம் கேட்டது. பிறகு குட்டியின் குரல், “அம்மா, எங்க போறோம்?”

திரும்பிப் பார்த்தேன். அக்கா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு படியில் நின்றிருந்தாள். அழுத முகத்தைக் கழுவியிருந்தாள். ஒரு காலில் செருப்பு, மற்றதைக் காலால் துழாவிக்கொண்டிருந்தாள். தோளில் அத்தானின் சட்டை.

அவள் யாருக்காகப் பேச வருகிறாள்? அத்தானுக்காகவா, அப்பாவுக்காகவா, வரப்போகும் வேலைக்காகவா? அவள் முகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நின்று கேட்டிருக்கலாம். நின்றால் அவள் “வேணாம்டி” என்பாள். சொன்னால் என் கால் ஓடாது.

மேலே பங்களாவின் கூரைக்குப் பின்னால் சைரனின் குழாய் வாய் திறந்தபடி ஊமையாக நின்றது. முதல் துளி என் கையில் விழுந்தது.

விசாரணையில் முதலில் அப்பாவைத்தான் கூப்பிடுவார்கள். அதற்குள் நான் உள்ளே இருக்க வேண்டும். நடையை எட்டிப் போட்டேன்.